எடை குறைந்தது சரி, குறைந்தது எது?



தீபாவளிப் பலகாரமெல்லாம் தீர்ந்த பிறகு உடற்பயிற்சிக் கூடங்களில் கூட்டம் கூடுவது வழக்கம். மூன்று மாதம் கழித்து ஒருவர், "ஆறு கிலோ குறைத்துவிட்டேன்" என்றால் சுற்றியிருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். அந்த ஆறு கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று கேட்பவர் மிகக் குறைவு.

உடலின் மொத்த எடையிலிருந்து கொழுப்பைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கொழுப்பற்ற உடல் எடை. தசை மட்டும் அல்ல. எலும்பு, ஈரல், இதயம், உடலில் உள்ள நீர் எல்லாம் இதில் அடங்கும்.

2004-ஆம் ஆண்டு 'லேன்செட்' மருத்துவ இதழில் இரு மருத்துவர்களின் படம் பக்கம் பக்கமாக வெளிவந்தது. ஒருவர் இந்தியாவின் புனே நகரைச் சேர்ந்த யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த யட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆசியர்கள் கவனமாக இருக்க வேண்டிய எல்லை 23 என்பதால், இருவருமே தேறியவர்கள்தாம். ஆனால் எக்ஸ்ரே கருவியில் அளந்தபோது யட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு! யட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக் ஓடுவதோ, காலையில் மருத்துவமனை மின்தூக்கியின் கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைவதற்கு மட்டும். இதை அவர்களே அங்கே வேடிக்கையாக எழுதியிருந்தார்கள். பழக்கம் மட்டுமே காரணம் என்று அவர்கள் முடிவு கட்டிவிடவில்லை. யாஜ்னிக் குறைந்த எடையோடு பிறந்தவர் என்பதையும் குறிப்பிட்டார்கள்.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த இந்தியர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதிகமாக வாங்கிக்கொள்வது தசைதான். "ஒல்லியாகத்தானே இருக்கிறார், அவருக்கா சர்க்கரை?" என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

சரி, எப்படிக் கணக்கிடுவது? 1984-இல் போயர் என்பவர் தந்த சூத்திரம் பலரும் பயன்படுத்துவது. ஆண்களுக்கு: கிலோவில் எடையை 0.407-ஆல் பெருக்குங்கள், சென்டிமீட்டரில் உயரத்தை 0.267-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி 19.2-ஐக் கழியுங்கள். பெண்களுக்கு அந்த எண்கள் 0.252, 0.473, 48.3. 70 கிலோ எடையும் 170 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஆணுக்கு விடை ஏறக்குறைய 54.7 கிலோ. ஆனால் இதே உயரமும் எடையும் உள்ள மாரத்தான் வீரருக்கும், நாற்காலியை விட்டு எழாதவருக்கும் ஒரே விடைதான் வரும். யாஜ்னிக்கையும் யட்கினையும் இந்தச் சூத்திரத்தால் பிரித்துக் காட்ட முடியாது.

வீட்டில் ஏறி நிற்கும் மின்னணு எடைக் கருவி, பாதம் வழியே மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துகிறது. நீர் நிறைந்த தசையில் அது எளிதாகப் பாயும், கொழுப்பில் தடைபடும். குடித்த தண்ணீர், சிந்திய வியர்வை எல்லாமே எண்ணை மாற்றிவிடும். அதனால் காலையில் எழுந்து, கழிவறை சென்று வந்து, சாப்பிடும் முன் ஒரே கருவியில் பாருங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாமல், மாதக்கணக்கில் அது போகும் திசையைப் பாருங்கள்.

70 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். கொழுப்பு 30 விழுக்காடு என்றால் 21 கிலோ கொழுப்பு, மீதி 49 கிலோ. இரவு உணவை அறவே விட்டு 64 கிலோவுக்கு வருகிறார். கருவி 28 விழுக்காடு என்கிறது. இப்போது கொழுப்பு 17.9, மீதி 46.1. இழந்த ஆறு கிலோவில் ஏறத்தாழ பாதி கொழுப்பே அல்ல! பட்டினியை விட்டு, வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும், முட்டை, மீன், பருப்பு என்று வேளைதோறும் புரதமும் சேர்த்திருந்தால் இந்த இழப்பு நிச்சயம் குறைந்திருக்கும்.

கருவி இல்லாதவர்கள் அளவு நாடாவால் இடுப்பைச் சுற்றி அளக்கலாம். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மின்சாரம் செலுத்தும் அந்தக் கருவியில் ஏறவே வேண்டாம்.