ஒரு ஆட்டம் வாங்கிக் கொடுங்கள்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் மெக்கானிக்கல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"ஜெர்மனியில வேலை பார்த்தவன், கார் தொழிற்சாலை பத்திப் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். மன்னிக்கணும் சார், நான் கால்பந்து பற்றிப் பேசப் போகிறேன். கடைசியில் நம் காலேஜுக்கு வந்துவிடுவேன், பயப்படாதீர்கள்.

நான் இருந்தது சார்லாந்து. பிரான்ஸ் எல்லையை ஒட்டிய சின்ன மாநிலம். ஜனத்தொகை சுமார் 10 லட்சம்தான். அந்த மாநிலத்துக்கென்று ஒரு கால்பந்துக் கோப்பை உண்டு. மூன்றாம் டிவிஷனிலும் அதற்குக் கீழேயும் ஆடுகிற கிளப்புகளுக்கான போட்டி. தபால்காரரும் பெயின்டரும் சேர்ந்து ஆடுகிற ஊர்க் கிளப்பும் அதில் இறங்கலாம்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி ஒரு ஊர்க் கிளப்பில் இருந்தார். கோடு போடுவது, வலை கட்டுவது, டிக்கெட் கிழிப்பது எல்லாம் அவரேதான். ஒருநாள் பெரிய கிளப் ஒன்று அவர்கள் ஊருக்கு ஆட வந்தது. "ஜெயிப்பீங்களா?" என்று கேட்டேன். "எங்கே ஜெயிக்கிறது! ஆனா அவங்க இங்க வந்து ஆடித்தானே ஆகணும்?" என்றார். அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது.

ஜெர்மனியில் இப்படி 21 பிராந்திய சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பை. அதை ஜெயித்தால் தேசியக் கோப்பையின் முதல் சுற்றில் இடம். மொத்தம் 64 அணிகள்; அதில் 24 இடங்கள் இந்தப் பிராந்திய சங்கங்களுக்கு. இன்னொரு விதியும் உண்டு. கீழ் டிவிஷன் கிளப்புக்கும் பெரிய கிளப்புக்கும் ஆட்டம் விழுந்தால், சின்னவன் மைதானத்தில்தான் ஆட்டம். பெரியவன்தான் பஸ் ஏறி வரணும்.

2019-ல் சார்லாந்து கோப்பையை ஜெயித்தது சார்ப்ரூக்கன் கிளப். 1963-ல் ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீக் ஆரம்பமானபோது இருந்த 16 கிளப்புகளில் அதுவும் ஒன்று. சரிந்து சரிந்து அப்போது நாலாவது டிவிஷனில் கிடந்தது. சொந்த மைதானத்தில் கட்டட வேலை நடந்ததால், பக்கத்து ஊரான ஃபோல்க்லிங்கனில் ஆடினார்கள். 1986-ல் மூடிய பெரிய இரும்பாலை இருக்கும் ஊர் அது.

தேசியக் கோப்பையில் முதலில் ரேகன்ஸ்பர்க்கை ஜெயித்தார்கள். அடுத்து முதல் டிவிஷன் கொலோன், அப்புறம் கார்ல்ஸ்ரூ. 2020 மார்ச் 3, கால் இறுதி. எதிரே முதல் டிவிஷன் டுசல்டார்ஃப். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. நண்பர் வீட்டு டிவியில் பார்த்தேன். கோல்கீப்பர் டேனியல் பாட்ஸ் ஆட்டத்துக்குள் ஒரு பெனால்டியைத் தடுத்தார். ஆட்டம் 1-1. பெனால்டி ஷூட் அவுட்டில் இன்னும் நாலைத் தடுத்தார். 7-6! நாலாவது டிவிஷன் கிளப் ஒன்று அரை இறுதிக்குப் போனது அந்தக் கோப்பை வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுப் பாட்டி கூட ஜன்னலைத் திறந்து கத்தினார்.

சினிமா மாதிரி முடியவில்லை. கொரோனாவால் அரை இறுதி ஜூனில், ஆளில்லாத மைதானத்தில் நடந்தது. லெவர்குசனிடம் 0-3 என்று தோற்றார்கள். ஆனால் தோற்றது ஆடித்தான். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு அல்ல.

இப்போது நம் காலேஜ். நான் படிப்பு முடித்த வருஷம், வேலைக்காக ஒரு கம்பெனி வாசலில் ஃபைலோடு நின்றேன். உள்ளே இருந்து வந்தவர் மார்க்கைப் பார்க்கவில்லை. காலேஜ் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, "இது எங்க லிஸ்ட்ல இல்லையே தம்பி" என்றார். பரீட்சையில் தோற்றிருந்தால் தூங்கியிருப்பேன். பரீட்சையே வைக்கவில்லை என்பதுதான் பல ராத்திரி உறுத்தியது. இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளில் எத்தனை பேர் அதே வாசலில் நிற்கப் போகிறார்களோ!

அண்ணன்மார்களே, உங்களில் பலர் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். நானும் இப்போது இருக்கிறேன். சிபாரிசு கேட்கவில்லை, தகுதியில்லாதவனை எடுக்கச் சொல்லவில்லை. உங்கள் கம்பெனியின் எழுத்துத் தேர்வை வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே, இந்த டிராயிங் ஹாலில் நடத்தச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம் ஆடட்டும். என் கம்பெனியில் பேசி, வருகிற தேர்வை இங்கே வைக்கச் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் இந்த மேடை ஏறினேன்.

தம்பி தங்கைகளே, ஆட்டத்தை நாங்கள் வாங்கித் தருவோம். பெனால்டியை நீங்கள்தான் தடுக்கணும். கோல்கீப்பர் அன்றைக்குக் காலையில் பயிற்சி ஆரம்பித்தவர் அல்ல என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.