சபை ஒழுங்கும் சகோதர ஒற்றுமையும்

(யூபிலி ஆண்டை முன்னிட்டு நடந்த புனித வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கோவிலுக்கு வெள்ளையடிக்கிறோம், கொடிமரத்துக்கு வர்ணம் தீட்டுகிறோம், தேரைச் செப்பனிடுகிறோம். எல்லாம் வேண்டியவையே. ஆனால் செம்மங்குப்பத்தில் சபையாகக் கூடும் நாம் புதுப்பிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் நமது சபையின் ஒழுங்கு நூல்தான் அது.

"அன்பு செய்வதற்குச் சட்டம் எதற்கு, சாமி?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நமது பாதுகாவலரின் வாழ்விலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

1617ஆம் ஆண்டு புனித வின்சென்ட், பிரான்சு நாட்டில் ஷாத்தியோன் என்னும் ஊரில் பங்குக் குருவாக இருந்தார். ஒரு ஞாயிறன்று பூசைக்கு முன், ஒரு வீட்டில் அனைவரும் நோயுற்றுக் கிடக்கிறார்கள், கவனிப்பாரில்லை என்ற செய்தி வந்தது. அதைப் பிரசங்கத்தில் எடுத்துரைத்தார். பின்னர் அவ்வீட்டுக்குச் சென்றபோது வழியெங்கும் உணவு கொண்டு செல்லும் மக்கள்! அவர் மகிழ்ந்தார், கூடவே கவலையும் கொண்டார். இன்று அளவுக்கு மிஞ்சி வந்தது கெட்டுப்போகும். சில நாளில் அக்குடும்பம் மீண்டும் பட்டினி கிடக்கும். ஆகவே ஊர்ப் பெண்களைக் கூட்டி, முறைவைத்துப் பணி செய்யவும், நோயாளிக்கு அன்போடு உணவு பரிமாறவும் ஒழுங்கு எழுதிக் கொடுத்தார்.

இது நமக்குப் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் நம் கடலூரைத் தாக்கிய பின் உதவிகள் வந்து குவிந்தன. சாலையோரத்து வீட்டுக்கு மூன்று முறை அரிசி கிடைத்தது. உள்ளே தள்ளியிருந்த வீட்டுக்கு ஒரு முறையும் கிடைக்கவில்லை. கொடுத்தவர்களிடம் அன்பு இருந்தது, ஒழுங்கு இல்லை.

இனி நமது சபையின் தொடக்கத்தைப் பாருங்கள். 1833 ஏப்ரல் 23 அன்று, பாரிஸ் நகரில், பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவர் தோழர்களும் ஏழைகளின் வீடுகளைச் சந்திக்கும் இச்சபையைத் தொடங்கினர். 1834 முடிவதற்குள் உறுப்பினர் நூறுபேரைத் தாண்டினர். பல கிளைகளாகப் பிரியலாம் என்றார் ஓசானாம். பிரிந்தால் நட்பு போய்விடும் என்றனர் வேறு சிலர். கடுமையான வாக்குவாதம் மூண்டது. ஆம், புனிதமான சபையிலும் சண்டை வந்தது! 1835இல் கிளைகள் பிரிந்தன. அதே ஆண்டில் ஒழுங்கும் எழுதப்பட்டது. வெவ்வேறு இடங்களில் கூடியவர்களை ஒரே குடும்பமாகக் கட்டிய கயிறு அந்த ஒழுங்கே. ஓசானாம் 1997இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

இப்போது நமது குறை ஒன்றைச் சொல்கிறோம். முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், சபையார் ஒரு விதவைத் தாய்க்கு மாதந்தோறும் உதவி வந்தனர். அவர் வீட்டுக் கஷ்டத்தை உறுப்பினர் ஒருவர் டீக்கடையில் பேசிவிட்டார். அடுத்த முறை சென்றபோது அந்தத் தாய் கதவைத் திறக்கவில்லை. "அரிசி வேண்டாம் சாமி, மானம் இருந்தால் போதும்" என்று பின்னர் நம்மிடம் கண்ணீரோடு சொன்னார். கூட்டத்தில் பூசல் எழுந்தது. அன்றுதான் ஒழுங்கு நூலைத் திறந்தார்கள். ஆளுக்கொரு விதியை எடுத்து அடுத்தவர்மேல் கல்லாக எறிந்தார்கள். சில மாதங்களில் சபை கலைந்தது. குற்றம் அவர்களுடையது மட்டுமா? அவர்களைச் சபையில் சேர்த்தபோது பேட்ஜ் குத்தினோம், கைதட்டினோம். ஒழுங்கைக் கற்பிக்க மறந்தோம். அந்தப் பழி நம்மையே சாரும்.

ஆகவே ஒழுங்கைக் கற்பிக்கும்போது அதன் காரணத்தையும் சேர்த்துக் கற்பிப்போம். வீட்டில் கேட்டதை வெளியே பேசாதே என்பது ஏன்? ஏழையின் மானத்தைக் காக்க. காணிக்கைப் பையை இரகசியமாகச் சுற்றி அனுப்புவது ஏன்? நூறு ரூபாய் போட்டவர் பெருமை கொள்ளாமலும், பத்து ரூபாய் போட்டவர் கூசாமலும் இருக்க. தலைவர் பதவிக்குக் கால வரையறை ஏன்? பதவி பணிவிடையே அன்றிப் பரம்பரைச் சொத்து அல்ல என்பதால். செபித்து, கலந்து பேசி, ஒருமனப்பட்டு முடிவெடுங்கள், வாக்கெடுப்பு அரிதாகவே இருக்கட்டும் என்பது ஏன்? வாக்கில் வென்றவர், தோற்றவர் என்று இரண்டு கட்சி உண்டாகாமலிருக்க. காரணம் தெரிந்தவனுக்கு ஒழுங்கு சுமையாகாது.

யூபிலி நினைவாக மூன்று காரியங்களைக் கேட்கிறோம். கூட்டந்தோறும் ஒழுங்கு நூலில் ஒரு பகுதியை வாசித்து, பத்து நிமிடம் கலந்து பேசுங்கள். புதிதாகச் சேருவோரை அனுபவமுள்ள ஒருவருடன் வீடு சந்திக்க அனுப்பிக் கற்பியுங்கள். பூசல் எழும் நாளில் விதியைத் தேடுமுன் ஒரு நிமிடம் மௌனமாகச் செபியுங்கள்.

ஓய்வுநாள் மனிதனுக்காகவே என்றார் நம் ஆண்டவர். சபை ஒழுங்கும் அப்படியே. அது அடிக்கும் கோல் அன்று. இருட்டில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் நடக்க ஏற்றிய விளக்கு. அந்த விளக்கை அலமாரியில் பூட்டி வைக்காதிருப்போமாக.

இறைவன் உங்களையும், நீங்கள் சந்திக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.