மகள் இருக்கும் வீடு



இந்தோனேசியாவின் மேற்கு சுமாத்ராவில் வாழும் மினாங்கபாவ் மக்கள் தாய்வழியினர். இஸ்லாத்தில் ஊறியவர்கள், ஆனாலும் பரம்பரை வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும்.

அந்தப் பெரிய வீட்டுக்கு 'ரூமா காடாங்' என்று பெயர். கூரை எருமைக் கொம்பாய் வளைந்து நிற்கும். முன்னால் நீளக் கூடம், பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். கல்யாணமான மகள்களுக்கு ஆளுக்கொன்று. மகனுக்கு? ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பையன் கொஞ்சம் வளர்ந்ததுமே இரவில் படுக்க 'சுராவ்' என்ற தொழுகைக் கூடத்துக்குப் போய்விடுவான். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வீட்டில் விருந்தாளி. எரிந்த மரத்தின் அடிக்கட்டை மேல் கிடக்கும் சாம்பல் என்று மருமகனைச் சொல்வார்கள். காற்றடித்தால் போச்சு!

இந்த வீட்டில் ஒரு பெண் காய்ச்சலில் படுத்தால் கவலையில்லை. அம்மா, அக்கா, சித்தி, பாட்டி எல்லாரும் கூப்பிடு தூரத்தில். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பேச்சே இல்லை, இருப்பதே தாய்வீடுதானே. ஆஸ்பத்திரியா, யார் செலவு என்று வந்தால் 'மாமாக்', அதாவது தாய்மாமன், சொல்வதைக் கேட்பார்கள். இப்போது தகப்பன் பேச்சும் எடுபடுகிறது.

பரம்பரை நிலத்தை விற்கக் கூடாது. அடகு வைக்க மரபு ஒப்புக்கொள்ளும் காரணங்கள் 4: வீட்டில் பிணம் கிடக்கிறது, வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணமாகவில்லை, பெரிய வீடு ஒழுகுகிறது, குலத்தலைவர் பட்டம் சூட்ட வேண்டும். சாவு இருக்கிறது, நோய் இல்லை! என்னை உறுத்தியது இதுதான். நோயாளிக்குப் பணத்தை விட ஆளை நம்பிய ஏற்பாடு இது என்றுதான் எனக்குப் படுகிறது.

2014-இல் தேசிய மருத்துவக் காப்பீடு வந்தது. செலவின் பாரம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் ஆள்? ஊரைவிட்டுப் போய்ப் பிழைப்பதை 'மெரான்தாவ்' என்பார்கள். ஒரு காலத்தில் ஆண்பிள்ளைகள் போனார்கள். இன்று மகள்களும் ஜகார்த்தாவில். பெரிய வீட்டில் கிழவி தனியாக.

பெற்றவளை முதியோர் இல்லத்தில் விடுவது அங்கே குலத்துக்கே தலைகுனிவு. இருந்தும் பாடாங் பாரியாமான் மாவட்டத்தில் சிச்சின்சின் என்ற ஊரில் அப்படி ஓர் இல்லம் உண்டு. அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சபாய் நான் ஆலுய்'. மினாங்கபாவ் கதையில் வருகிற பெண் அவள். அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் போய்ச் சுட்டவள். கூடப் பிறந்தவன் பயந்து ஒதுங்கியபோது துப்பாக்கியைத் தூக்கிய மகள்.