கூலி கேட்பது குற்றமல்ல!
பிள்ளை பார்க்கும் தொழிலாளியின் சம்பளப் பாக்கியை வசூலிப்பது எப்படி?

(சென்னையில் வீட்டு வேலைத் தொழிலாளர்களின் கூட்டமொன்றில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இங்கே வந்திருப்பவர்களில் பலர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, சொந்தப் பிள்ளைக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டு, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குப் பால் ஆற்றப் போகிறவர்கள். உங்களுக்கு ஓய்வென்று கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்றுதான். அதையும் இந்தக் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைத்துப் பேச நாங்கள் விரும்பவில்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பேசுவோம். செய்த வேலைக்குச் சம்பளம் வராமல் போனால் அதை எப்படி வாங்குவது?

நமது சங்கத்தைச் சேர்ந்த ஒரு சகோதரியின் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம்; வேலை செய்த வீட்டின் பெயரும் வேண்டாம். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து இரண்டு வருஷம் ஒரு பிள்ளையை அவர் வளர்த்தார். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். முதல் ஒன்றரை வருஷம் சம்பளம் ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. "வியாபாரத்தில் பணம் முடங்கியிருக்கிறது, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம்" என்றார்கள். அடுத்த மாதம் 3,000, அதற்கடுத்த மாதம் 2,000 என்று கையில் கொடுத்தார்கள். பிறகு அதுவும் நின்றது. கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "நீங்க எங்க வீட்டு மனுஷி மாதிரிதானே, உங்களை ஏமாத்துவோமா?"

தோழர்களே, இந்த வார்த்தையைக் கவனியுங்கள். வீட்டு மனுஷி என்றால் சாப்பாட்டு மேஜையில் இடம் உண்டா? சொத்தில் பங்கு உண்டா? கிடையாது. சம்பளம் கொடுக்க வேண்டிய தேதியில் மட்டும்தான் நாம் வீட்டு மனுஷி ஆகிறோம்!

உடனே வேலையை நிறுத்தியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மில் தொழிலாளி தறியை நிறுத்தினால் தறி அழாது. பிள்ளை அழும். "அதுக்கு என் கையால ஊட்டினாத்தான் இறங்கும். அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்று அந்தச் சகோதரி எங்களிடம் சொன்னார். இந்தப் பாசம் பொய்யல்ல. அது அவருடைய வேலையின் உயிர். ஆனால் அந்தப் பாசத்தையே பிணையாக வைத்துத்தான் நான்கு மாதமும் பதினொரு நாளும் அவரிடம் சும்மா வேலை வாங்கினார்கள். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

நாங்கள் செய்த தவறு

விஷயம் சங்கத்துக்கு வந்தவுடன் நாங்கள் என்ன செய்தோம்? பதினைந்து பேர் சேர்ந்து அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலுக்குப் போனோம். வாசலில் இருந்த காவலாளி எங்களை உள்ளே விடவில்லை. அவரும் வடக்கிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிதான். உள்ளே விட்டால் அவர் வேலை போய்விடும். குடியிருப்பவர்கள் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மறுநாளே, குழந்தையின் வெள்ளிக் கொலுசைக் காணோம் என்று போலீசில் புகார் வந்தது!

இதைச் சுயவிமர்சனமாகச் சொல்கிறோம். கோபம் நியாயமானது, வழி தவறானது. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் போனோம். சம்பளம் கேட்டது முன்னா, கொலுசு காணாமல் போனது முன்னா என்று காட்ட எங்களிடம் மனு எதுவும் இல்லை. நல்ல வேளையாக, மூன்று நாள் முன்பு அந்தச் சகோதரி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "அக்கா, வீட்டு வாடகை கேக்கறாங்க, கொஞ்சமாவது போடுங்க." அந்த அம்மையார் எழுதிய பதில்: "பார்க்கலாம். திங்கட்கிழமை சீக்கிரம் வந்துடுங்க." இந்த ஒரு வரி பெரிய சாட்சி. வேலையில் இருந்தார் என்பதற்கும் சாட்சி. பாக்கியை அவர்கள் மறுக்கவில்லை என்பதற்கும் சாட்சி.

போலீஸ் நிலையத்திலிருந்து இரவு ஏழு மணிக்குத் தொலைபேசி வந்தது. சூரியன் மறைந்த பிறகும் உதயமாவதற்கு முன்பும் ஒரு பெண்ணைக் கைது செய்ய வேண்டுமானால், அதற்கு விசேஷக் காரணம் இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்ற பெண் அதிகாரிதான் செய்ய முடியும். இது சட்டம். மறுநாள் காலை வக்கீலுடன் போய் எழுத்து மூலம் விளக்கம் கொடுத்தோம். சம்பளம் கேட்ட செய்தியின் நகலையும் இணைத்தோம். புகார் அப்படியே அமுங்கிப் போயிற்று. கொலுசைப் பற்றி அதன்பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த ஓர் இரவு அந்தச் சகோதரி தூங்கவில்லை. கூலி கேட்டவளைத் திருடி என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

கணக்கு, சாட்சி, கடிதம்

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நான்கு மாதத்துக்கு 48,000. நாளுக்கு 400 வீதம் பதினொரு நாளைக்கு 4,400. மொத்தம் 52,400. கையில் வந்தது 5,000. மீதி 47,400. "மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முன்பணம் 6,000 வாங்கினேன், அதையும் எழுதுங்க" என்றார் அந்தச் சகோதரி. எதிர்த்தரப்பார் அதை மறந்தே போயிருந்தார்கள்! கழித்தோம். பாக்கி 41,400. ஒரு ரூபாய் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இந்தக் கணக்கைப் பிற்பாடு யாராலும் அசைக்க முடியவில்லை.

அடுத்தது சாட்சி. நியமனக் கடிதம் இல்லையே, என்ன செய்வது என்று மலைக்க வேண்டாம். முன்பு சம்பளம் வந்த பாங்கு கணக்கு இருக்கிறது. வாசலில் உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் எழுதும் பதிவேடு இருக்கிறது. அடுத்த வீட்டில் வேலை செய்யும் தோழி இருக்கிறார். எல்லாவற்றிலும் வலுவானது ஒன்று: பாலர் பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வர உரிமையுள்ளவர் என்று பள்ளிக்கூடம் கொடுத்த அட்டை. அதில் அந்தச் சகோதரியின் படம் ஒட்டியிருந்தது. 'இவர் எங்கள் வீட்டில் வேலையே செய்யவில்லை' என்று இனி யார் சொல்ல முடியும்?

மூன்றாவது, கடிதம். எத்தனை நாள் வேலை, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். திட்டு ஒரு வார்த்தை கிடையாது, மிரட்டல் கிடையாது. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

எந்தக் கதவைத் தட்டுவது? இங்கேதான் நமது நாட்டுச் சட்டங்களின் விசித்திரத்தைப் பார்க்கிறோம்.

தமிழ்நாட்டில் 1982ஆம் வருஷத்திய உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் பட்டியலில் வீட்டு வேலை 1999இல் சேர்க்கப்பட்டது. 2007இல் தனி நல வாரியம் வந்தது. 2018இல் மணிக் கணக்கில் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயிக்கப்பட்டது. இவை சும்மா கிடைத்தவையல்ல. உங்களைப் போன்ற பெண்கள் வருஷக்கணக்கில் கேட்டுப் பெற்றவை. ஆகவே தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். 1948ஆம் வருஷத்தியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த 2019ஆம் வருஷத்திய ஊதியச் சட்டத் தொகுப்பு அதை மூன்று வருஷமாக நீட்டியிருக்கிறது. சம்பளம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியின் தலையில்தான்.

ஆனால் ஒரு வீடு 'ஸ்தாபனம்' ஆகுமா என்று எதிர்த்தரப்பு வழக்காடும். 2020ஆம் வருஷத்தியத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, 'தொழில்' என்ற சொல்லின் விளக்கத்திலிருந்து வீட்டுப் பணியை வெளிப்படையாகவே தள்ளிவிட்டது. 2013ஆம் வருஷத்தியப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அதே வீட்டை வேலைத்தலம் என்று ஒப்புக்கொள்கிறது! ஒரு சட்டத்துக்கு வீடு வேலைத்தலம். இன்னொரு சட்டத்துக்கு அங்கே நடப்பது தொழிலே அல்ல. இது என்ன நியாயம்?

இது இன்று நேற்றுத் தோன்றிய பிரச்னையல்ல. வீட்டு வேலையாட்களின் வேலை நிலைமை பற்றி 1959லேயே நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது, அது சட்டமாகவில்லை. 2011 ஜூனில் ஜினீவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 189ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. மாதம் ஒரு முறையாவது தொழிலாளியின் கையில் நேரடியாகச் சம்பளம் சேர வேண்டும் என்கிறது அது. உருகுவேயும் பிலிப்பைன்சும் 2012லேயே அதை ஏற்று உறுதி செய்தன. இந்திய சர்க்கார் ஆதரித்து வாக்களித்தது. ஆனால் உறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே, வீட்டுப் பணியாளருக்குச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆகவே நாங்கள் சண்டை குறைவாகவும் பலன் நிச்சயமாகவும் உள்ள இன்னொரு கதவைத் தட்டினோம். 1987ஆம் வருஷத்தியச் சட்டப்படி அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழு அது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச வக்கீல் உதவி அங்கே உண்டு. வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். ஒப்பந்தம் ஏற்பட்டு மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அது சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அங்கே தீராவிட்டால், கூலி பாக்கியான நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகும் உரிமை அப்படியே இருக்கிறது.

"பாங்கு விடமாட்டானே!"

சமரசப் பேச்சில் அந்த அம்மையார் அழுதார். கஷ்டம் உண்மைதான் என்றார். இருக்கலாம், நாங்கள் கேலி செய்யவில்லை. கார்த் தவணையும் இந்த மாதங்களில் நின்றுபோயிற்றா என்று வக்கீல் கேட்டார். "அதெப்படி நிறுத்த முடியும்? பாங்கு விடமாட்டானே!" என்று பதில் வந்தது.

தோழர்களே, முழு விவகாரமும் இந்தப் பதிலில் அடங்கிவிட்டது. விடமாட்டான் என்று தெரிந்தவனுக்குப் பணம் போகிறது. விட்டுவிடுவாள் என்று நினைக்கப்படுகிறவளுக்குப் பாக்கி விழுகிறது. அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? விடாதவர்கள் ஆக வேண்டும்.

"20,000 வாங்கிக்கொண்டு, பாக்கி இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். சகோதரிக்கு மூன்று மாத வாடகை நின்றிருந்தது. இருபதாயிரம் கண்முன் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அன்று மாலை சங்கத்துப் பெண்கள் ஐம்பதும் நூறுமாகப் போட்டு ஒரு மாத வாடகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். அந்த வாடகைதான் அவருக்கு 'முடியாது' என்று சொல்லும் தெம்பைக் கொடுத்தது. அடுத்த அமர்வில் முழு 41,400 ரூபாய்க்கும் ஒப்பந்தமாயிற்று. அன்றே 21,400, முப்பது நாளில் 20,000. முப்பதாவது நாள் பணம் வரவில்லை. தீர்ப்பை நிறைவேற்ற மனுப் போடப் போகிறோம் என்று வக்கீல் எழுதினார். முப்பத்துநான்காவது நாள் பணம் வந்துவிட்டது.

பணம் வந்தது, பிள்ளை வரவில்லை. கடைசி நாளில் அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டார் அந்தச் சகோதரி. விடவில்லை. அந்தப் பாக்கியை எந்தக் கோர்ட்டும் வசூலித்துத் தராது. அதையும் சேர்த்தே நாம் கணக்கில் வைக்கிறோம்.

ஆகவே சகோதரிகளே! இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வேலைக்குப் போன நேரம், திரும்பிய நேரம், வாங்கிய பணம், முன்பணம் எல்லாவற்றையும் தினசரி எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். கூடியவரை சம்பளத்தைப் பாங்கு கணக்கில் போடச் சொல்லுங்கள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். முக்கியமாக, நான்கு மாதம் பொறுக்காதீர்கள். ஒரு மாதச் சம்பளம் பத்து நாள் தாண்டினால் சங்கத்துக்கு வாருங்கள்.

பிள்ளையை அன்போடு வளர்ப்போம். அந்த அன்பு நமது சொந்தப் பொருள்; அதை நாமே மனமுவந்து கொடுக்கிறோம். உழைப்புக்கு உரிய கூலியோ கடன். அதைக் கேட்பதில் வெட்கமில்லை; கேட்காமல் இருப்பதில்தான் நஷ்டம் நமக்கும், நமக்குப் பின்னால் அதே வீட்டுக்கு வேலைக்குப் போகும் இன்னொரு சகோதரிக்கும்.