செவ்விலக்கியமும் இளையோர் புதினமும்: பள்ளித் தமிழ் வகுப்பில் ஒரு சமநிலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் இடையறாது கூடி வருவது எளிய செயலன்று. அதனை இயற்றிக் காட்டிய உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். பாராட்டோடு ஒரு கவலையையும் இங்கே முன்வைக்க வேண்டியிருக்கிறது. இவ்வவையில் இருபது வயதுக்கு உட்பட்டோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருபதாம் ஆண்டு விழாவில் இவ்விருக்கைகளில் அமர வேண்டியவர்கள் இன்று ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் படித்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் செல்லும் பலருக்குப் பன்னிரண்டாம் வகுப்பே தமிழிலக்கியத்தை ஆசிரியர் ஒருவரோடு அமர்ந்து படிக்கும் கடைசி வாய்ப்பு. அந்த வாய்ப்பில் நாம் அவர்கள் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதில் இரண்டு கட்சிகள் உள்ளன. 'சங்கப் பாடலையும் காப்பியத்தையும் குறைத்தால் மொழியின் வேர் அறுந்து போகும்' என்பது ஒரு கட்சி. 'அகராதியின் துணையின்றி ஓர் அடியும் விளங்காத செய்யுளைத் திணிப்பதனால்தான் பிள்ளைகள் தமிழைக் கண்டு அஞ்சுகிறார்கள். அவர்கள் வாழ்வைப் பேசும் கதைகளைக் கொடுங்கள்' என்பது மற்றொரு கட்சி. இரு சாராரும் தமிழ் வாழ வேண்டும் என்றே வாதிடுகிறார்கள். ஆயினும் இருவர் கண்முன்னும் ஒரு துலாக்கோலே நிற்கிறது. ஒரு தட்டில் ஏற்றினால் மறுதட்டு குறையும் என்றே இருவரும் எண்ணுகின்றனர்.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 2015 முதல் கற்பிக்கப்பட்டு வரும் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டம் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதினம் ஒன்றையும் கட்டாயமாக்கியது. 1914க்குப் பிற்பட்ட புனைகதைக்கும் நாடகத்துக்கும் பிரித்தானியத் தீவுகளின் படைப்பு என்ற வரம்பை வகுத்தது. அதனால் அதுவரை வகுப்புகளில் பெரிதும் பயிலப்பட்ட அமெரிக்கப் புதினங்கள் விலக நேர்ந்தது குறித்துக் கடும் விவாதம் எழுந்தது. அமெரிக்காவில் 1967இல் எஸ். ஈ. ஹின்டன் என்னும் பெண், பதின்பருவம் கடவாத நிலையிலேயே 'தி அவுட்சைடர்ஸ்' என்ற புதினத்தை வெளியிட்டார். இக்காலத்து இளையோர் புதினத்தின் தொடக்கமாகப் பலரும் அதனையே சுட்டுவர். தெருச் சண்டைகளுக்கிடையே வளரும் அக்கதைச் சிறுவன், டிக்கன்ஸ் படைத்த 'பிப்' என்ற பாத்திரத்தில் தன்னையே காண்கிறான். ராபர்ட் ஃபிராஸ்ட்டின் சிறு கவிதை ஒன்று அக்கதையின் உயிர்நாடியாக அமைந்திருக்கிறது. இளையோர் புதினத்தின் முன்னோடி நூலே செவ்விலக்கியத்தைத் தன் மடியில் ஏந்திக்கொண்டு பிறந்தது என்பதை இரு கட்சியாரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். நம் தமிழ்ப் பாடநூல் செய்யுள், உரைநடை, இலக்கணம், துணைப்பாடம் என நெடுங்காலமாகப் பகுத்தே அமைக்கப்பட்டு வந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பாடநூல்கள் மொழி, இயற்கை, பண்பாடு போன்ற பொருண்மைகளின் கீழ் இயல்களாகத் தொகுக்கப்பட்டன. பழம்பாடலும் புதுக்கதையும் ஒரே இயலுக்குள் அருகருகே வந்தன. இது பாராட்டத்தக்க மாற்றம். ஆனால் நூலில் அருகருகே அமர்ந்தவை தேர்வுத்தாளில் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. செய்யுள் மனப்பாடமாகவும் சொற்பொருளாகவும் இலக்கணக் குறிப்பாகவும் சுருங்குகிறது. துணைப்பாடக் கதை, முன்னுரை முடிவுரையோடு கூடிய கதைச்சுருக்கமாக வற்றுகிறது. மாணவர் வழிகாட்டி நூலிலிருந்து இரண்டையும் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறார். பழையதும் படிக்கப்படவில்லை, புதியதும் படிக்கப்படவில்லை என்பதே உண்மை நிலை. துலாக்கோலின் இரு தட்டுகளும் வெறுமையாக இருக்கும்போது எந்தத் தட்டு தாழ வேண்டும் என்று வழக்காடுவதில் பயனென்ன?

செவ்விலக்கியம் இளையோர்க்கு அயலானது என்ற எண்ணத்தை முதலில் நீக்க வேண்டும். சிலப்பதிகாரம் தொடங்கும்போது கண்ணகிக்கு வயது பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. நம் எட்டாம் வகுப்பு மாணவியின் வயதும் பதினோராம் வகுப்பு மாணவனின் வயதும் அவை. புறநானூற்றின் 72ஆம் பாடலைப் பாடியவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். 'இவன் இளையவன்' என்று தன்னை எள்ளிய பகைவர்மேல் கொண்ட சினத்தில் அவன் கூறும் வஞ்சினமே அப்பாடல். வெல்லாவிடில் தன் குடிமக்கள் தன்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான். 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார் அதே மன்னனைக் காட்டும்போது, ஐம்படைத் தாலியைக்கூடக் கழற்றாத சிறுவன் போர்க்களத்தில் நிற்கும் வியப்பைப் பதிவு செய்கிறார். 'சின்னப்பையன்' என்ற சொல் எத்துணைச் சுடும் என்பதைப் பதினைந்து வயது மாணவனுக்கு உரையாசிரியர் வந்து விளக்க வேண்டியதில்லை.

112ஆம் பாடல் ஐந்தே அடிகளால் ஆனது. பாடியோர் பாரி மகளிர். சென்ற மாத நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் தம்மிடம் இருந்தது. இம்மாத நிலவில் இரண்டும் இல்லை. தந்தையை இழந்து, வீட்டையும் விட்டு நீங்கிய இரு பெண்பிள்ளைகளின் குரல் இது. இப்பாடலைக் கல்லூரி முதலாண்டு வகுப்பில் நடத்தும்போது, முதலில் பொருள் கூறாமல் பாடினோர் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று மட்டும் கூறிவிட்டு இருமுறை வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். அதன்பின் சொற்பொருளை மாணவிகளே கேட்டுப் பெறுகிறார்கள். பள்ளியிலேயே இப்பாடலைப் படித்தவர்களும் அவர்களுள் இருப்பார்கள். திணை, துறை அவர்கள் நினைவில் நிற்கிறது. அந்தப் பெண்கள் நினைவில் நிற்பதில்லை.

இளையோர் புதினத்தின் நிலை என்ன? தமிழில் குழந்தை இலக்கியத்திற்கு அழ. வள்ளியப்பா, வாண்டுமாமா போன்றோர் வளம் சேர்த்தனர். பதின்மூன்று முதல் பதினெட்டு வரையிலான வயதிற்கெனத் தனியே எழுதப்பட்டவை நெடுங்காலம் அருகியே இருந்தன. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அந்த வெற்றிடத்தை வீடுகள்தோறும் நிரப்பியது. நம்மில் பலர் அம்மாவோ அத்தையோ தைத்துப் பாதுகாத்த இதழ்த் தொகுப்புகளின் வழியாகவே நெடுங்கதைக்குள் நுழைந்தோம். சாகித்திய அகாதெமி 2010ஆம் ஆண்டு முதல் வழங்கி வரும் பாலசாகித்திய விருது புதிய எழுத்துகளைக் கவனத்திற்குக் கொணர்ந்துள்ளது. பிள்ளைகளின் உடற்பாதுகாப்பைப் பேசும் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டிற்கும், உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023ஆம் ஆண்டிற்கும் இவ்விருதைப் பெற்றன. இவற்றோடு, இளையோர்க்கென எழுதப்படாவிடினும் இளையோரின் வயதையும் வேகத்தையும் மையமாகக் கொண்ட புதினங்களையும் நாம் இவ்வகையிற் சேர்த்துக்கொள்ளலாம்.

என் கருத்து இதுதான். சமநிலை என்பதைப் பக்கக் கணக்காலும் பாடவேளைக் கணக்காலும் அளக்கக் கூடாது. ஒரே வினாவை முன்னிறுத்தி, ஒரு பழைய நூலையும் ஒரு புதிய நூலையும் அதன்முன் அமர்த்த வேண்டும். ஒன்றுக்கொன்று மறுமொழி கூறும்படி அவை அமைய வேண்டும். மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

முதலாவது, பெயரைப் பற்றியது. கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் 'ஆதன்' என்ற பெயர் காணப்படுகிறது. 'ஆதனின் பொம்மை' இன்றைய சிறுவன் ஒருவனைப் பண்டைய கீழடிக்கு அழைத்துச் செல்கிறது. அதனைப் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவனிடம் பதிற்றுப்பத்தைக் காட்டுங்கள். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், செல்வக் கடுங்கோ வாழியாதன் எனச் சேர மன்னர் பெயர்களிலும் அதே ஆதன் இருக்கிறான். பானையில் பெயர் பொறித்தவனும் ஆதன், பாட்டுடைத் தலைவனும் ஆதன். 'என் பெயர் எங்கிருந்து வந்தது?' என்று கேட்கும் வயதில் இருக்கும் மாணவனுக்கு இது வரலாற்று வாயில்.

இரண்டாவது, வீரத்தைப் பற்றியது. 2017 சனவரியில் மெரினாக் கடற்கரையில் திரண்ட இளைஞர்களின் வாயில் ஏறுதழுவுதல் என்ற சொல் ஒலித்தது. அச்சொல்லின் இலக்கிய வாழ்வு சோழன் நல்லுருத்திரன் பாடிய முல்லைக்கலியில் இருக்கிறது. அங்கே காளையின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயமகள் மறுபிறப்பிலும் விரும்ப மாட்டாள். சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' அதே களத்தை வேறு கண்ணால் காட்டுகிறது. தந்தையைக் குத்திச் சாய்த்த காரிக் காளையைப் பிடிக்க வருகிறான் பிச்சி. அவன் அடக்கிய அக்காளையை அதனை வளர்த்த ஜமீன்தாரே சுட்டு வீழ்த்துகிறார். முல்லைக்கலியில் மணத்திற்கு வாயிலாக இருந்தது, வாடிவாசலில் மானமாகவும் அதிகாரமாகவும் மாறிவிடுகிறது. 'எது வீரம்? யாருக்காக அந்த வீரம்?' என்று மாணவர்கள் வாதிட இவ்விரண்டும் சேர்ந்தே இடந்தரும்.

மூன்றாவது, நீதியைப் பற்றியது. பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்தது. அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்டுத் தந்தையோடு காட்டில் மறைந்து திரியும் சிதம்பரத்திற்கு வயது பதினைந்து. முறையிட்டுப் பயனில்லை என்று நம்பும் ஒருவன் அரிவாளை எடுக்கிறான். வழக்குரை காதையில் கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அரசன் முன் நின்று வாதாடுகிறாள். அவள் வழக்கைக் கேட்க அங்கே ஒரு அவை இருந்தது. தன் பிழையை உணர்ந்து உயிர்விட ஒரு மன்னன் இருந்தான். அதன் பின்னும் மதுரை எரிந்தது. கேட்கும் அவையே இல்லை என்று ஒரு சிறுவன் முடிவு செய்தால் என்ன ஆகும்? தென்மாவட்டப் பள்ளிகளில் சாதியின் பெயரால் மாணவர்கள் மோதிக்கொள்ளும் செய்திகளை நாம் நாளிதழில் படித்துக் கொண்டுதானிருக்கிறோம். ஆகஸ்டு 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன்பயிலும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அறிவுரை வகுப்புகள் தொடாத இடத்தை, இவ்விரு நூல்களையும் ஒருசேரப் படிக்கும் வகுப்பு தொடக்கூடும் என்று நான் நம்புகிறேன்.

இங்கே இரண்டு தடைகள் எழுப்பப்படும். வன்முறையும் சாதியும் உடலும் பேசப்படும் புதினங்களை வகுப்பில் வைக்கலாமா என்பது ஒன்று. சிலம்பில் கொலைக்களக் காதை உண்டு. கலித்தொகையில் காளையின் கொம்பில் குடல் சரிவது உண்டு. பழமை என்ற திரை இருப்பதால் அவை நம்மை உறுத்துவதில்லை. எந்த நூலை எந்த வகுப்பில் வைப்பது என்பதற்கு அளவுகோல் வேண்டும். 'வெக்கை'யை எட்டாம் வகுப்பில் வைக்கச் சொல்லவில்லை. அந்த அளவுகோல் இரு வகை நூல்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறேன். நேரம் போதாது என்பது மற்றொரு தடை. இது உண்மையான தடை. பகுதி பகுதியாகப் பத்து நூல்களைத் தொடுவதைவிட, ஆண்டிற்கு ஒரு புதினத்தை முழுமையாகவும் செவ்விலக்கியத்தில் ஒரு காதையையோ பத்துப் பாடல்களையோ ஆழமாகவும் படிப்பது மேல். அதற்காகச் சிலவற்றை விட்டுவிடவும் நாம் துணிய வேண்டும்.

புதினத்தை வெறும் ஏணியாகக் கருதும் போக்கையும் இவ்விடத்தில் மறுக்க வேண்டும். கசப்பு மருந்துக்குத் தேன் தடவுவது போலக் கதையைக் காட்டிச் செய்யுளை விழுங்க வைப்பது இரண்டையும் இழிவு செய்வதாகும். பூமணியின் உரைநடையில் கரிசல் மண்ணின் சொல்வளம் இருக்கிறது. அதுவும் ஊன்றிப் படிக்கத் தக்கது. அவ்வாறே செய்யுளைப் புதுக்கதையாக எளிமைப்படுத்தி நீர்த்துப்போகச் செய்வதும் வேண்டா. அருஞ்சொல்லோடு மல்லுக்கட்டி வெல்லும் இன்பத்தை மாணவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை.

நடைமுறைக்காக மூன்று வேண்டுகோள்கள். வாரத்தில் ஒரு பாடவேளையேனும் குறிப்பெடுத்தல் இன்றி வாசிப்பதற்கே விடப்பட வேண்டும். தேர்வில் ஒரு வினாவேனும் இரு நூல்களை ஒப்பிட்டு மாணவர் தம் கருத்தைத் தம் சொற்களில் எழுதுவதாக அமைய வேண்டும். வழிகாட்டி நூல் விடை தரமுடியாத வினாவே வாசிப்பைக் காக்கும். மூன்றாவது வேண்டுகோள் உங்களுக்கு. இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டில் அருகிலுள்ள ஓர் அரசுப் பள்ளியைத் தேர்ந்து, ஒரு புதினத்தின் நாற்பது படிகளை அதன் நூலகத்திற்கு வழங்கட்டும். ஒரே நூல் நாற்பது கைகளில் ஒரே நேரத்தில் இருந்தால்தான் வகுப்பு முழுதும் அதனைப் பற்றிப் பேச இயலும்.

கற்பவன் எவ்வாறு கொள்கிறான் என்பதை அறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று நன்னூலின் பொதுப்பாயிரத்திலேயே பவணந்தியார் வகுத்துரைத்தார். நூலின் பெருமையை அறிந்தால் மட்டும் போதாது, எதிரே அமர்ந்திருப்பவனையும் அறிய வேண்டும் என்பது அதன் கருத்து. எதிரே அமர்ந்திருப்பவனுக்கு வயது பதினைந்து. அவனுக்குப் பெயரும் சினமும் காதலும் இழப்பும் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் சொல் தேடுகிறான். நெடுஞ்செழியனும் பாரி மகளிரும் பிச்சியும் சிதம்பரமும் அவனிடம் ஒருசேர வந்து பேசட்டும்.