தவணை கேட்பது பிச்சையல்ல



என் அப்பா கூலித் தொழிலாளி. அக்கா கல்யாணத்துக்காக ஊர்த்தெருவில் ஒருவரிடம் 60 ஆயிரம் ரூபாய் கடன் வாங்கி, புரோநோட்டில் கையெழுத்துப் போட்டார். கொஞ்ச காலம் வட்டி கட்டினார். பிறகு உடம்புக்கு முடியாமல் போனது. தவணை கேட்க அந்த வீட்டுக்குப் போவார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்பார். பத்தாவது படிக்கும்போது ஒருநாள் நானும் கூடப் போனேன். அரைமணி நேரம் கழித்துத்தான் அவர் வெளியே வந்தார். அப்பாவைவிட வயதில் சின்னவர். "என்னடா?" என்றுதான் ஆரம்பித்தார்.

அடுத்த ஆண்டு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அப்பா வாங்க மறுத்துவிட்டார். கோர்ட்டுக்குப் போனால் அப்படியே ஜெயில்தான் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். "அங்க போய் நின்னா மட்டும் நம்ம பேச்சு எடுபடுமா?" என்று கேட்டார். வாங்க மறுத்தாலும் சம்மன் சேர்ந்ததாகவே கணக்கு. நாங்கள் இல்லாமலே தீர்ப்பானது. இதைத்தான் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்கிறார்கள்.

இன்று நான் வழக்கறிஞர். அன்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாதிருந்த ஒன்றைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன். கடனைக் கட்ட அவகாசம் கேட்பது சட்டப்படியான உரிமை.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 20, விதி 11 என்று ஒன்று இருக்கிறது. பணம் கட்டச் சொல்லித் தீர்ப்பு எழுதும்போதே, தகுந்த காரணம் இருந்தால், தள்ளிக் கட்டவோ தவணையாகக் கட்டவோ நீதிமன்றம் உத்தரவிடலாம். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கடன் கொடுத்தவர் தரப்பையும் கேட்க வேண்டும், ஆனால் அவர் சம்மதம் தேவையில்லை.

தீர்ப்பு வந்த பிறகு கேட்டால்? அப்போது அவர் சம்மதம் வேண்டும். மனுப் போடவும் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள்தான் கெடு.

இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். கோர்ட்டில் போய் நின்றவர் நீதிபதியிடம் கேட்கலாம். பயந்து வீட்டில் இருந்தவர் மறுபடியும் அதே வாசலுக்குத்தான் போக வேண்டும். யார் பயந்து வீட்டில் இருப்பார்கள்? போலீஸ், தாலுகா ஆபீஸ், கோர்ட் என்று எங்கே போனாலும் அவமானத்தையே பார்த்தவர்கள்தான். சட்டத்தில் சாதி என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்த 30 நாளைச் சாதி தின்றுவிடுகிறது.

எங்களுக்குக் கெடு தாண்டிவிட்டது. அப்பாவைக் கைது செய்து ஏன் சிறையில் அடைக்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. அப்போதுதான் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனோம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. எங்களுக்கும் ஒருவர் கிடைத்தார்.

அவர் மூன்று விஷயங்கள் சொன்னார். ஒன்று, கட்ட வசதியில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் தள்ள முடியாது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இல் இதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு ஏமாற்றுபவருக்குத்தான் சிறை. இரண்டு, பணக் கடன் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. மூன்று, அடமானம் வைக்காத வரை, கூலித் தொழிலாளி குடியிருக்கும் சொந்த வீட்டையும் அவர் கூலியையும் ஜப்தி செய்ய முடியாது.

விசாரணையில் அப்பாவின் வருமானம், மருத்துவச் செலவு எல்லாவற்றையும் காட்டினோம். சிறையும் கிடைக்காது, வீடும் கிடைக்காது என்று தெரிந்ததும் எதிர்த்தரப்பு இறங்கி வந்தது. மொத்தம் 92 ஆயிரம், மாதம் 2 ஆயிரம், இனி வட்டி இல்லை என்று பதிவானது. 46 மாதத்தில் கட்டி முடித்தோம். அந்த நோட்டீஸ் வந்த நாளில் அப்பா ஊரைவிட்டே ஓடிவிடலாம் என்றுதான் சொன்னார்.

கோர்ட் சாதியில்லாத இடம் என்று நான் சொல்ல வரவில்லை. தினமும் அங்கே போகிறவன் நான். ஆனால் அன்று அப்பாவும் கடன் கொடுத்தவரும் ஒரே தரையில் நின்றார்கள். அப்பாவின் துண்டு தோளில் கிடந்தது. "என்னடா" என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பணம் கொடுத்துச் செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ ஒருவரைக் கட்டிப்போட்டிருந்தால், அங்கே தவணை கேட்கவே வேண்டாம். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அதை வசூலிக்க வழக்கும் போட முடியாது.

சட்டம் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறதா? 2016ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, ஒரு கம்பெனி திவால் நடைமுறைக்குள் வந்தால் அதன்மீதான வசூல் வழக்குகள் எல்லாம் நிறுத்தி வைக்கப்படுகின்றன. அங்கே யாரும் துண்டை இடுப்பில் கட்டுவதில்லை. அதே சட்டத்தில் ஏழைகளுக்கும் ஒரு பகுதி உண்டு. ஆண்டு வருமானம் 60 ஆயிரத்துக்குள், கடன் 35 ஆயிரத்துக்குள் இருப்பவர் புதிதாக வாழ்க்கையைத் தொடங்க வழி சொல்லும் பகுதி அது. எழுதினார்கள், ஆனால் அமலுக்குக் கொண்டுவரவில்லை. கம்பெனிகளுக்கான பகுதி 2016லேயே அமலுக்கு வந்துவிட்டது. இதை அமலாக்கு என்று கேட்பது நம் இயக்கத்தின் கோரிக்கையாக வேண்டும்.

இங்கே வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரே ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் தெருவில் யாருக்காவது சம்மன் வந்தால், வாங்கச் சொல்லுங்கள். அதிலுள்ள தேதியைப் படித்துச் சொல்லுங்கள். அந்தத் தேதியில் அவரோடு கோர்ட்டுக்குப் போங்கள். என் அப்பாவோடு முதல் வாய்தாவில் போய் நிற்க அன்று ஒருவர்கூட இல்லை.

ஜெய் பீம்.