கரண்டு போனால் எது நிற்கக் கூடாது?
(வானொலி உரையிலிருந்து)



“அண்ணாச்சி, ஜெனரேட்டர் வாங்கப் போறேன். எத்தன கே.வி.ஏ. வாங்கட்டும்?” என்றுதான் தூத்துக்குடிப் பக்கம் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, “கரண்டு போயிட்டுன்னா உங்ககிட்ட எது நிற்கக் கூடாது?” என்பதுதான்.

ஐஸ் பிளாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புநீர்த் தொட்டி நன்றாகக் குளிர்ந்திருந்து, மூடிகளும் சரியாக இருந்தால், சில மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டாலும் பாளங்கள் கரைந்துவிடாது. உற்பத்தி தாமதப்படும், அவ்வளவே. உப்பளத்தில் பம்பு அரை நாள் நின்றாலும் வெயில் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். இந்த இரண்டுக்கும் முழு அளவு ஜெனரேட்டரில் பணத்தை முடக்குவது வீண் என்பது என் அபிப்பிராயம்.

இறால் குளம் அப்படியல்ல. இரவு முழுவதும் குளத்துப் பாசியும் இறாலும் தண்ணீரிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்கின்றன. விடிவதற்கு முன்னால்தான் அது மிகவும் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் ஏரேட்டர் நின்றால், நெருக்கமாக விட்ட குளத்தில் மூன்று, நான்கு மாத உழைப்பு விடிவதற்குள் மிதந்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 2 குதிரைத்திறன் ஏரேட்டர் எட்டு ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 15 கிலோவாட் இழுக்கும். அதை 0.8ஆல் வகுத்தால் 19 கே.வி.ஏ. வரும். ஆகவே 25 கே.வி.ஏ. போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல் ஆறு மடங்கு வரை இழுக்கும். எட்டையும் ஒரே சுவிட்சில் போட்டால் நூறு கே.வி.ஏ.வுக்கு மேல் கேட்கும். மெஷின் மூச்சுத் திணறி நின்றுவிடும். பத்துப் பத்து விநாடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பண்ணையில் இதைக் காவலாளிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மெஷின் புத்தம் புதுசு, இறால் போச்சு.

“பெரிசாவே வாங்கிட்டாப் போச்சு” என்பீர்கள். அதுவும் தப்பு. திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பளுவில் நாள்கணக்காக ஓடும் டீசல் எஞ்சினில் கரி படியும். சின்ன மெஷினில் லிட்டருக்கு 3 யூனிட் கிடைத்தால் நல்லது. டீசல் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது யூனிட் 30 ரூபாயைத் தாண்டுகிறது.

“மாடியில சோலார் இருக்கே” என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த சோலார், கம்பியில் மின்சாரம் போனதும் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் இரவில் உதவும். இதே காரணத்துக்காகத்தான் ஜெனரேட்டருக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

எங்கே வைப்பது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. உங்கள் சுவரில் அன்றைய தண்ணீர்க் கறை எங்கே நிற்கிறதோ, அதற்கு மேலே மேடை கட்டுங்கள். டீசல் டாங்கியும் பேட்டரியும் அதே உயரத்தில் இருக்கட்டும். கடல் காற்று நேராக ரேடியேட்டரில் அடிக்காதபடி திருப்பி வையுங்கள். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள்.

வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டுங்கள். சும்மா உறும விடாமல் ஏரேட்டர்களைப் போட்டு ஓட்டுங்கள். ராத்திரிக் காவலுக்கு இருப்பவர் கையாலேயே அதைச் செய்ய வையுங்கள். முதலாளி பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.